மணல் கட்டிய தீவுகள்

துறைமுக நகரங்கள் பலவற்றின் முன்வாசலில் தீவுகள் உண்டு. அவற்றை அந்த நகரங்கள் பயன்படுத்திய விதமும் அநேகமாக ஒன்றுதான்: பகைவனைத் தடுக்கப் பீரங்கி மேடை, நோயாளியை நிறுத்திவைக்க ஒதுக்கிடம், கைதிக்குச் சிறை, கடைசியில் கழிவைக் கொட்ட ஓர் இடம். பாஸ்டன் துறைமுகத்து மான் தீவில் 1675ஆம் ஆண்டுப் போரின்போது பூர்வகுடிகளைக் கொண்டுபோய் அடைத்தார்கள்; குளிரிலும் பசியிலும் பலர் மாண்டார்கள். இன்று அங்கே நிற்பது அந்நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இயங்கியது. கப்பலேறிப் போன தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு அந்த ஊரில் முதலில் மிதிக்கக் கிடைத்த மண் அதுதான். மும்பைக்கு எலிஃபண்டா இருக்கிறது. கொச்சியில், துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை எழுப்பிவிட்டார்கள்.

சென்னைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், தீவுத்திடலைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். 1639இல் ஆங்கிலேயர் இங்கே இடம் பிடித்தபோது துறைமுகம் என்று எதுவும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகை தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். 1875இல் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது. மறைவான குடா, முன்னே தீவுக்கூட்டம், ஆழமான உள்வழி என்று ஒரு துறைமுக நகரத்துக்கு இயற்கை தரக்கூடிய எதையும் இந்தக் கரை பெறவில்லை.

ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரை கரையோரமாகவே பார்த்துக்கொண்டு வந்தால் வேறொரு காட்சி தெரியும். கடலுக்குள் தீவு இல்லை. கடலோரம் முழுவதுமே தீவாகக் கிடக்கிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழியோ கால்வாயோ, இரண்டுக்கும் நடுவே நீளவாட்டில் ஒரு மணல் பட்டை. அந்தப் பட்டையை நான்கைந்து இடங்களில் ஆறுகள் அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம், பிறகு எண்ணூர், கூவம், அடையாறு, தெற்கே முட்டுக்காடு. ஒரு முகத்துவாரத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நிலம் ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் பாலம் போட்டுவிட்டதால் நமக்கு அது உறைப்பதில்லை.

இதில் பாதி இயற்கையின் வேலை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காலத்தில் திசை மாறும். ஆனாலும் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணலே அதிகம். இங்குள்ள ஆறுகளோ மழைக்கால வாரங்களில் மட்டும் வீறுகொண்டு ஓடுபவை. ஆற்றுக்கு வேகம் குறைந்ததும் கடல் அதன் வாயில் மணலைக் குவித்து அடைக்கிறது. வெளியேற முடியாத நீர் கரைக்கு இணையாக வடக்கும் தெற்குமாகப் பரவி நிற்கிறது. அப்படிப் பிறந்தவைதான் நம் உப்பங்கழிகள்.

மீதிப் பாதியை மனிதர்கள் செய்தார்கள். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குப் பேசில் காக்ரேன் என்ற வணிகர் வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. தெற்கே அடையாற்றிலிருந்து உப்பங்கழிகளைத் தொட்டுத் தொட்டு இன்னொரு கால்வாய் மரக்காணம் பக்கம் போனது. நடுவில் விடுபட்டிருந்தது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அதையும் வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் முழுதும் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. உப்பும் விறகும் நெல்லும் படகில் போவதற்காக வெட்டிய கால்வாய், போகிற போக்கில் சென்னைக் கடற்கரையைத் தனித்தனித் துண்டுகளாக்கிவிட்டது. மயிலாப்பூரும் மெரினாவும் ஒரு துண்டு. கோட்டை, ஜார்ஜ் டவுன், ராயபுரம் இன்னொன்று. கால்வாயின் கிழக்கே அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் தொடங்கி முட்டுக்காடு வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஒரே நீளத் துண்டு. மருந்தீசுவரர் கோயிலும் கலாக்ஷேத்திராவும் பிரம்மஞான சபையின் ஆலமரமும் இருப்பது அந்தத் தீவில்தான். சட்டமன்றமும் ஒரு தீவில்தான் கூடுகிறது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும்; வரைபடம் அப்படித்தான் சொல்கிறது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதில் என்ன பங்கு என்பதை மழை சொல்லும். மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து நீர் அடையாற்றில் இறங்குகிறது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளிலிருந்து வரும் அந்த ஆறு திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரியையும் சேர்த்துக்கொண்டு பட்டினப்பாக்கத்தில் கடலைத் தொடுகிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் நீரோ பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலுக்கு வழி தேடுகிறது. ஆக, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்து மழை ஒரு முகத்துவாரத்துக்கு, அந்தப் பக்கத்து மழை இன்னொன்றுக்கு. இரண்டில் எந்த வாய் மணலால் அடைபட்டிருந்தாலும் தண்ணீர் பின்னால் ஏறும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்த இரவுக்குப் பிறகு முடிச்சூர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. முகத்துவாரத்தில் இயந்திரம் இறக்கி மணல் வாருவது அதன்பின் ஆண்டுதோறும் செய்தியாயிற்று.

எனவே தாம்பரத்திலிருந்து இந்தத் தீவுகளைப் பார்க்கப் புறப்படுகிறவர் தன் வீட்டு மழைநீர் போகும் வழியிலேயே போகலாம். முதலில் அடையாற்றின் வாய். ஆறு கடலைத் தொடும் முன் வடக்கே ஒரு கிளைக்கழி பிரிந்து வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குள் கிடக்கும் நிலம்தான் குவிபிள் தீவு. சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கரின் கல்லறைத் தோட்டம் இருப்பதால் அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கழியின் ஒரு பகுதியை மீட்டு 2011 ஜனவரியில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். மற்றபடி தீவு என்று அடையாளம் கண்டுகொள்ள அங்கே அதிகம் மிச்சமில்லை.

ஆனால் 1746 அக்டோபரில் இந்த வடகரையில்தான் தென்னிந்திய வரலாறு திரும்பியது. சென்னையைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதை வாங்க ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ்கானை ஏறத்தாழ 10,000 பேருடன் அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து பாரடி என்ற அதிகாரியின் தலைமையில் ஆயிரத்துக்கும் குறைவான பிரெஞ்சுப் படையினரும் சிப்பாய்களும் வந்தார்கள். ஆற்றை அரணாக நம்பி நவாபின் படை எதிர்க்கரையில் நின்றது. பாரடி ஆற்றிலேயே இறங்கி நடந்து கடந்தார். ஒழுங்காக அடுத்தடுத்துச் சுட்ட துப்பாக்கி வரிசைக்கு முன் அந்தப் பெரும்படை நிற்கவில்லை. சாந்தோம் வீதிகளில் சிதறி ஓடியது. சிறிய பயிற்சிப் படையால் பெரிய சேனையை உடைக்கலாம் என்ற பாடத்தைப் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார்கள், ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் போரைப் பற்றிய நூல்கள் துப்பாக்கியைப் பேசுகின்றன. எனக்கு ஆறுதான் கண்ணில் படுகிறது. நடந்து கடக்கும் அளவுக்கு மேடிட்டுக் கிடக்கும் முகத்துவாரத்தை அரணாக நம்பியவர்கள் இந்தக் கரையை அறியாதவர்கள்.

தென்கரையில் ஊரூர்க் குப்பத்துக்கு அருகே நிற்கும் உடைந்த பாலமும் அதே கதையைத்தான் சொல்கிறது. மீனவர்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வர 1967இல் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1977இல், நீரின் வேகம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. அதன்பின் அது திரைப்படங்களுக்குத்தான் பயன்பட்டது. பாலத்தின் மீது ஏறுவது ஆபத்து. கரையில் நின்று முகத்துவாரத்தைப் பார்த்தாலே போதும். கோடையில் ஆறு எங்கே முடிகிறது, மணல்மேடு எங்கே தொடங்குகிறது என்பது அங்கே படம் போட்டதுபோலத் தெரியும்.

தீவுத்திடலுக்கு அதிக நேரம் தேவையில்லை. கூவமும் எழும்பூர் ஆறும் இடையில் வெட்டிய வாய்க்காலும் சேர்ந்து உண்டாக்கிய தீவு அது. 1839இல் நிறுத்திய தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை, ஆண்டுதோறும் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சி, 2024இல் இரவு வெளிச்சத்தில் அதைச் சுற்றி நடந்த கார் பந்தயம் என்று நகரம் அதைத் தன் விழா மைதானமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

தெற்குத் தீவைப் பார்க்கத் தாம்பரத்தார் தனியாகத் திட்டமிட வேண்டியதில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்குப் போகிறவர்கள் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதுமே தீவுக்குள் வந்துவிடுகிறார்கள். ஈஞ்சம்பாக்கமும் பனையூரும் உத்தண்டியும் ஒரு காலத்துச் சவுக்குத் தோப்புகள், மணல்மேடுகள், குப்பங்கள். மேட்டு மணலில் பெய்த மழை கீழே இறங்கி நன்னீராய்த் தங்கும். அதன் பாரம்தான் கடலின் உப்புநீரைத் தள்ளி நிறுத்துகிறது. தென் சென்னைக்குத் தண்ணீர் லாரிகள் இந்தப் பட்டையிலிருந்து ஓடியதும், மணல்மேடுகள் மதில் சுவர்களானதும் ஒரே காலத்தில் நடந்தவை. உறிஞ்சியதற்கு ஈடாக உள்ளே இறங்க மேடும் இல்லை, தோப்பும் இல்லை.

முட்டுக்காட்டில் சுற்றுலாத் துறையின் படகுக் குழாமுக்குக் கூட்டம் சேரும். அங்கிருந்து சற்றுத் தெற்கே உள்ள கோவளத்தின் வரலாற்றுக்கு அத்தனை கூட்டம் இல்லை. இன்றைய பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரில் பதிவான கம்பெனி ஒன்று 1720களில் இங்கே பண்டகசாலை நடத்தியது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியில் அந்தக் கம்பெனியே 1731இல் கலைக்கப்பட்டது. பிறகு நவாபின் கோட்டை எழுந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தந்திரமாகப் பிடித்தார்கள்; 1752இல் கிளைவ் கைப்பற்றி வெடிவைத்துத் தகர்த்தார். அந்த இடிபாட்டின் மேல்தான் 1970களில் நட்சத்திர விடுதி வந்தது. ஒரு முகத்துவாரத்துக்கு இத்தனை பேர் அடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. பெரிய கப்பல் வெளியே நிற்கும், சிறு படகு கழிக்குள் நுழைந்து ஒதுங்கும். துறைமுகம் இல்லாத கரையில் அந்த அளவு வசதியே பெரிய சொத்து.

அதே காரணம்தான் டச்சுக்காரர்களைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த வடக்குத் தீவுகளுக்குத்தான் ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்வேன். தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் கடற்கரை நிலையம் வரை போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரியில் இறங்கினால் பேருந்து இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பூநாரைகளும் கிடைக்கும்.

டச்சுக்காரர்கள் 1610இல் இங்கே பண்டகசாலை போட்டார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதை அழித்தார்கள். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையகம் அதுதான். இங்கே நெய்த துணியைக் கொடுத்துக் கிழக்கிந்தியத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். வெடிமருந்து ஆலை இருந்தது. மனிதர்களையும் ஏற்றி அனுப்பினார்கள். பஞ்ச காலங்களில் அடிமை வணிகம் கொழித்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர்மேடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் காவல் நிற்கின்றன. எல்லோரும் அவற்றைப் படம் எடுக்கிறார்கள். கல்லறைகளுக்குள் கிடப்பவர்களின் வணிகத்தில் விலைபோனவர்களுக்கு அங்கே கல் எதுவும் இல்லை.

பழவேற்காட்டின் உண்மையான பழஞ்சொத்து என்று நான் கருதுவது தண்ணீருக்குள் இருக்கிறது. அதன் பெயர் பாடு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. முகத்துவாரத்துக்கு அருகே உள்ள இடங்களில் இறால் அதிகம், தள்ளிப் போனால் குறைவு. அதனால் ஒருவரே நல்ல இடத்தில் உட்கார்ந்துவிடாதபடி இடம் சுழன்றுகொண்டே இருக்கும். சுவரில்லாத நீரில் வேலி போட்ட கணக்கு. ஆய்வாளர்கள் பலர் இதைப் பொதுச்சொத்து மேலாண்மைக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். முழு உதாரணம் அல்ல. பாடு முறையில் இடம் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களுக்குப் பரம்பரையாக வந்தது. அதற்கு வெளியே நின்ற தலித் மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் பங்கு கேட்டபோது தகராறுகள் எழுந்தன. ஏரிக்கு வரும் நீர் குறைந்து ஆழமும் குறையக் குறைய, இந்தத் தகராறு கூர்மையாகத்தான் செய்யும்.

முன்பு சுற்றுலாப் படகுகள் முகத்துவாரம் வரை ஆட்களை ஏற்றிப் போகும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. இப்போது போகிறவர்கள் பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கக் குப்பத்துப் பக்கம் போய், அங்கிருந்து கடலையும் ஏரியையும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பாலம் கொண்டுபோய்ச் சேர்ப்பது காட்டுப்பள்ளித் தீவின் வடமுனையில். தென்முனை எண்ணூர். மேற்கே கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். சென்னைக்குத் துறைமுகத் தீவு ஒன்று உண்டு என்றால் அது இதுதான்; பாஸ்டனின் மான் தீவுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்திருக்கிறது. அனல்மின் நிலையங்கள் வந்தன, சாம்பல் கழிக்குள் இறங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது; 2014இல் அதற்குக் காமராசர் பெயர். சற்று வடக்கே கப்பல் கட்டும் தளத்துடன் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது; அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் இடம்பெயர்ந்தார்கள். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அறிவித்ததும் நடக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழியில் படர்ந்தது. அலையாத்திச் செடிகள் கருத்தன; படகும் வலையும் பாழாயின.

திட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்: நகரத்துக்குச் சரக்குத் துறைமுகம் வேண்டும், பழைய துறைமுகத்தால் ராயபுரம் சாலைகளில் லாரிகள் நகரவே முடிவதில்லை. உண்மைதான். ஆனால் அவர்கள் நிலத்தைத்தான் ஏக்கரில் எண்ணுகிறார்கள், மணலை எண்ணுவதில்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வடக்கே போன மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்தது. இது நூறாண்டாகக் கண்முன் இருக்கும் கணக்கு. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் நீட்டிய சுவர்கள் அதே கணக்கைத் தொடர்கின்றன. அவற்றுக்கு வடக்கே தேய்வது வெறும் கரை இல்லை, ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒரே தடுப்பு. அது ஓரிடத்தில் அறுந்தால் பழவேற்காட்டு ஏரி கடலோடு கலந்துவிடும். பிறகு பாடும் இல்லை, இறால் குஞ்சு வளர அமைதியான நீரும் இல்லை. புயல் நேரத்தில் கடல்நீரைத் தாங்கிக்கொள்ளும் அந்தக் கழி போனால் அலை பொன்னேரித் தாலுகாவின் வயல்களைத் தேடி வரும்.

இதோடு, இதற்கு நேர்மாறான இன்னொரு கவலையும் பழவேற்காட்டு மீனவர்களுக்கு உண்டு. ஒரு பக்கம் தீவு அறுந்துவிடக் கூடாது. இன்னொரு பக்கம் முகத்துவாரம் அடைபடக் கூடாது. வாய் மூடினால் படகு கடலுக்குப் போக முடியாது, கடலிலிருந்து இறால் குஞ்சும் ஏரிக்குள் வராது. அதனால் முகத்துவாரத்தின் இருபுறமும் தூண்டில் வளைவு போட்டு வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்லைக் கொட்டி நீட்டும் எந்தச் சுவரும் தனக்கு வடக்கே உள்ள கரையின் மணலைத்தான் மறிக்கும். பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வடக்கே கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா.

இந்தச் சங்கிலியின் கடைசித் தீவும் பெரிய தீவும் அதுதான்; ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. யானாதிப் பழங்குடிகள் வாழ்ந்த காடு. அங்கே வெட்டிய விறகு கால்வாய் வழியே சென்னை அடுப்புகளுக்கு வந்தது. கிழக்கே திறந்த கடல், சுற்றிலும் நீர், ஆள் நடமாட்டம் குறைவு என்ற காரணங்களால் 1960களின் இறுதியில் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. கரையில் நின்று ராக்கெட்டைப் பார்க்கலாம். அந்தத் தீவின் கடலோரத்திலும் இப்போது அரிப்பு பதிவாகியிருக்கிறது. குப்பத்து மீனவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் மணல் கணக்கை இனி ஏவுதளப் பொறியாளர்களும் போட்டுப் பார்த்தாக வேண்டும். அவர்களும் கல் கொட்டினால் அடுத்த முறை எந்த ஊர்?